பாலைவனத்து ஐஸ் ஹாக்கி: ஓர் அணியின் பற்றுவரவு

2009 அக்டோபர் 10, சனிக்கிழமை இரவு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகரை ஒட்டிய கிளெண்டேல் அரங்கத்தில் 17,500 பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். பீனிக்ஸ் கயோட்டீஸ் என்ற ஐஸ் ஹாக்கி அணிக்கு அந்த சீசனில் சொந்த ஊரில் முதல் ஆட்டம். எதிரே கொலம்பஸ் புளூ ஜாக்கெட்ஸ். கயோட்டீஸ் ஒரு கோல்கூடப் போடாமல் 0–2 என்று தோற்றது. ஐந்தே நாளில் அதே அரங்கத்தில் அடுத்த ஆட்டம். வந்தவர்கள் 7,000 பேருக்கும் குறைவு.

இந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டு கயோட்டீஸ் ரசிகர்கள் பதினைந்து வருஷம் சண்டை போட்டார்கள். ஒரு கட்சி சொன்னது: முதலில் ஜெயிக்கட்டும், கூட்டம் தானாக வரும். எதிர்க்கட்சி சொன்னது: கூட்டம் வந்தால்தான் காசு, காசு இருந்தால்தான் நல்ல ஆட்டக்காரர், அப்புறம்தான் வெற்றி. மூன்றாவது கட்சியும் ஒன்று உண்டு. அவர்கள் வரைபடத்தை விரித்துக் காட்டுவார்கள்: அரங்கம் இருக்கிற இடமே தப்பு. மூன்று கட்சியிடமும் கொஞ்சம் நியாயம் இருந்தது. ஆனால் அணியின் வரவையும் பற்றையும் வருஷவாரியாக எழுதிப் பார்த்தால் மூவர் கணக்கும் எங்கோ ஓரிடத்தில் உதைக்கிறது. டிக்கெட் எண்ணிக்கை இந்த அணியின் தலையெழுத்தைத் தீர்மானிக்கவே இல்லை என்பது என் கட்சி.

விவரம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இது நம் ஊர்ப் புல்தரை ஹாக்கி இல்லை. பனித்தளத்தில் சறுக்குக் காலணியோடு, பந்துக்குப் பதில் ‘பக்’ என்ற ரப்பர் வில்லையை அடித்து ஆடுவது. இந்தக் கதை நடந்த வருஷங்களில் வட அமெரிக்காவின் என்ஹெச்எல் லீகில் ஓர் அணிக்கு சீசனுக்கு 82 ஆட்டம். அதில் பாதி, 41, சொந்த ஊரில். வெற்றிக்கு 2 புள்ளி, கூடுதல் நேரத்தில் தோற்றால் 1 புள்ளி. வேறு சில அமெரிக்க விளையாட்டுகளைப் போலத் தொலைக்காட்சிப் பணம் இதில் கொட்டுவதில்லை. வாசலில் விற்கிற டிக்கெட்தான் பெரிய வருமானம். அதனால்தான் காலி நாற்காலியைப் பார்த்தால் ஹாக்கிக்காரர்களுக்கு அவ்வளவு பதற்றம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். லீக் வெளியிடும் ‘வருகை’ என்பது உள்ளே வந்த தலைகளின் எண்ணிக்கை அல்ல. விற்றதும் விநியோகித்ததுமான டிக்கெட்டுகளின் எண்ணிக்கை. டிக்கெட் வாங்கியவர் வீட்டில் படுத்துத் தூங்கினாலும் அவர் ‘வந்தவர்’தான். ஆகவே 12,000 என்று அறிவித்தால், தொலைக்காட்சியில் தெரிகிற கூட்டம் அதைவிடக் குறைவாக இருக்கலாம். கீழே வரும் வருகை எண்கள் எல்லாமே இந்த வகை. குறையைக் காட்டவேண்டிய எண்கள், ஏற்கெனவே கொஞ்சம் ஊதப்பட்டவை.

கணக்கு 1996-இல் தொடங்குகிறது. கனடாவின் வின்னிபெக் நகரில் ஆடிய ஜெட்ஸ் அணி, செலவுக்குக் கட்டாமல் பீனிக்ஸுக்குப் பெயர்ந்தது. புதுப்பெயரில் முதல் ஆட்டம் அக்டோபர் 5-இல், ஹார்ட்ஃபோர்டில்: 0–1 தோல்வி. (அவர்களை வென்ற ஹார்ட்ஃபோர்டும் அடுத்த வருஷமே ஊரைக் காலி செய்துகொண்டு கரோலினா போனது தனிக்கதை.)

குடியேறிய இடம் அமெரிக்கா வெஸ்ட் அரங்கம். 1992-இல் கூடைப்பந்துக்காகத் திறந்தது. இங்கேதான் முதல் பற்று. கூடைப்பந்துத் தளத்தின் நீளம் 94 அடி, அகலம் 50 அடி. என்ஹெச்எல் பனித்தளம் 200 அடிக்கு 85 அடி. பரப்பில் மூன்றரை மடங்குக்கும் மேல். சின்னத் தளத்தைச் சுற்றிக் கட்டிய கிண்ணத்துக்குள் பெரிய தளத்தைத் திணித்தார்கள். ஒரு முனையில் மேல்மாடி தளத்தின் விளிம்புக்கு மேலேயே தொங்கியது. அந்தப் பகுதியில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவருக்குக் கண்ணுக்கு நேர் கீழே இருந்த கோல் தெரியாது. தளத்தில் கிட்டத்தட்ட கால்வாசியே தெரியாது. கூட்டம் ‘ஓ’ என்று கத்தினால்தான் கோல் விழுந்தது தெரியும். முதல் சீசன் முடிந்ததும் 18,000-க்கு மேல் என்று சொல்லிவந்த கொள்ளளவை 16,000 சொச்சமாக அணியே குறைத்துக்கொண்டது. இரண்டாயிரம் நாற்காலி போனதற்கு ரசிகரும் காரணமில்லை, ஆட்டக்காரரும் காரணமில்லை.

அப்போதே தெரிந்துவிட்டது, சொந்த அரங்கம் வேண்டும் என்று. முதலில் ஸ்காட்ஸ்டேலில் கட்டுவதாகப் பேச்சு. பீனிக்ஸின் கிழக்கே உள்ள வசதியான ஊர். டிக்கெட் வாங்கும் ரசிகர்களில் பெரும்பகுதியும் கிழக்குப் பக்கத்துக்காரர்கள்தான். அந்தப் பேச்சு முறிந்து, அரங்கம் மேற்குக் கோடியில் கிளெண்டேலுக்குப் போனது. செலவு 22 கோடி டாலர். அதில் 18 கோடி கிளெண்டேல் மாநகராட்சியின் பணம். பின்னாளில் அறிவிக்கப்பட்ட 17,125 இருக்கைகளால் வகுத்தால், ஊர் ஒவ்வொரு நாற்காலிக்கும் சுமார் 10,500 டாலர் போட்டிருக்கிறது. 2003 டிசம்பர் 27-இல் அங்கே முதல் ஆட்டம். நாஷ்வில்லிடம் 1–3 தோல்வி. புதுக்கணக்கு போடுகிற நாளெல்லாம் தோற்பது இந்த அணிக்கு ஒரு ராசி என்றே சொல்லலாம்.

வரைபடக் கட்சியின் வாதம் இங்கே வலுவானது. வேலைநாளில் மாலை ஏழு மணி ஆட்டத்துக்குக் கிழக்கே இருப்பவர் அலுவலகம் முடிந்து, நெரிசலில் நகரத்தைக் குறுக்கே கடந்து மேற்கே போகவேண்டும். சனிக்கிழமை வருவார். வியாழக்கிழமை வரமாட்டார். 2009-இல் 17,500-ம் 7,000-ம் ஐந்து நாள் இடைவெளியில் வந்ததற்கு இது பாதி விளக்கம்.

மீதிப் பாதி நீதிமன்றத்தில் இருந்தது. 2009 மே மாதம் உரிமையாளர் ஜெர்ரி மோயஸ் அணியைத் திவால் என்று அறிவித்தார். பிளாக்பெர்ரி கைப்பேசி நிறுவனத்தின் ஜிம் பால்சிலி 21.25 கோடி டாலர் தருவதாகவும், அணியைக் கனடாவின் ஹாமில்டனுக்குக் கொண்டுபோவதாகவும் சொன்னார். பிறகு 24.25 கோடி என்று ஏற்றினார். லீகுக்கு அது பிடிக்கவில்லை. கோடை முழுவதும் வழக்கு. செப்டம்பர் 24-இல் பயிற்சியாளர், ஹாக்கி உலகமே கும்பிடும் வேய்ன் கிரெட்ஸ்கி, விலகினார். செப்டம்பர் 30-இல் நீதிபதி பால்சிலி, லீக் என்ற இரு தரப்பின் ஏலத்தையும் தள்ளுபடி செய்தார். அணியின் முதல் ஆட்டத்துக்கு மூன்று நாள் இருந்தது. கடைசியில் லீகே 14 கோடி டாலருக்கு அணியை வாங்கியது. மற்ற 29 அணிகளின் முதலாளிகளும் சேர்ந்து முப்பதாவது அணிக்குச் சோறு போட வேண்டியதாயிற்று. அடுத்த வருஷம் இருக்குமா போகுமா என்று தெரியாத அணிக்கு யார் முழு சீசன் டிக்கெட் வாங்குவார்கள்?

இனி ‘ஜெயித்தால் வருவோம்’ கட்சிக்கு வருவோம். 0–2 தோல்வியோடு சொந்த ஊரில் தொடங்கிய அதே 2009–10 சீசன் எப்படி முடிந்தது தெரியுமா? 50 வெற்றி, 107 புள்ளி. அணியின் என்ஹெச்எல் வரலாற்றில் அதுவே உச்சம். புதுப் பயிற்சியாளர் டேவ் டிப்பெட்டுக்கு லீகின் சிறந்த பயிற்சியாளர் விருது. அந்த வருஷ வருகைச் சராசரி 11,989. முப்பது அணிகளில் கடைசி.

2011–12 இன்னும் விசேஷம். டிவிஷன் பட்டம், சிகாகோவையும் நாஷ்வில்லையும் பிளே-ஆஃபில் வீழ்த்தி, மேற்குப் பிரிவின் இறுதிவரை போனார்கள். அங்கே தங்களை 4–1 என்று தோற்கடித்த லாஸ் ஏஞ்சல்ஸ்தான் கோப்பையை எடுத்துக்கொண்டு போனது. அந்த சீசனின் சராசரி 12,420. மறுபடியும் முப்பதில் கடைசி. அடுத்த வருஷமாவது வெற்றியின் பலனை வசூலிக்கலாம் என்றால், முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் சம்பளத் தகராறு வந்து கிட்டத்தட்ட பாதி சீசன் நடக்கவில்லை. 82 ஆட்டம் 48 ஆனது.

பிளே-ஆஃபில் அரங்கம் நிரம்பியது உண்மை. ரசிகர்கள் எல்லோரும் வெள்ளை உடுத்தி வருகிற வழக்கம், வின்னிபெக்கிலிருந்து சுமந்து வந்தது, பாலைவனத்திலும் தொடர்ந்தது. ஆனால் ஒரு பிளே-ஆஃப் சுற்றில் சொந்த ஊருக்குக் கிடைப்பது அதிகபட்சம் நான்கு ஆட்டம். 41 ஆட்டத்துப் பள்ளத்தை அது தூர்க்காது.

இந்தக் கட்டத்தில் பற்றுப் பக்கத்தை மட்டும் தனியே எழுதுகிறேன். எல்லாம் கிளெண்டேல் ஊர்ப்பணம்.

அரங்கம் கட்ட: 18 கோடி டாலர்.
2010–11 சீசனுக்கு அணி ஊரை விட்டுப் போகாதிருக்க, லீகுக்கு: 2.5 கோடி.
2011–12 சீசனுக்கு அதே காரணத்துக்கு: 2.5 கோடி.
2013-இல் புது முதலாளிகளோடு ஒப்பந்தம், அரங்கத்தை ‘நிர்வகிக்க’ வருஷத்துக்கு 1.5 கோடி வீதம் 15 வருஷத்துக்கு: ஒப்புக்கொண்டது 22.5 கோடி.
2015-இல் அதை ரத்துசெய்து போட்ட புது ஒப்பந்தம்: வருஷத்துக்கு 65 லட்சம், இரண்டு வருஷம்.

2011–12-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 12,420 பெருக்கல் 41 என்றால் 5,09,220 டிக்கெட். ஊர் கொடுத்தது 2.5 கோடி. ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் மாநகராட்சி தன் பையிலிருந்து 49 டாலர் போட்டிருக்கிறது. வாசலில் ரசிகர் கொடுத்த காசு இதில் சேராது. இன்னொரு விதமாக வகுக்கலாம்: அன்றைக்குக் கிளெண்டேலின் மக்கள்தொகை இரண்டேகால் லட்சம் சொச்சம். இரண்டு வருஷத்து 5 கோடியைப் பங்கிட்டால் தலைக்கு 220 டாலர், கைக்குழந்தை உட்பட. ஹாக்கி மட்டையைத் தொட்டே பார்க்காதவர்களும் அதில் அடக்கம். யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்களே, அதை இத்தனை துல்லியமாக வகுத்துப் பார்க்கும் வாய்ப்பு எப்போதாவதுதான் கிடைக்கும்.

2013 ஒப்பந்தத்துக்கு மாமன்றத்தில் கிடைத்த வாக்கு 4–3. ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம். அணியை வாங்கியவர்கள் லீகுக்குத் தந்த விலை 17 கோடி. ஊர் அவர்களுக்குத் தர ஒப்புக்கொண்டதோ 22.5 கோடி. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்திருந்தால் அந்த ஒரு ஓட்டு விழுந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். ஐந்து வருஷத்தில் நஷ்டம் 5 கோடி ஆனால் அணி ஊரைவிட்டுப் போகலாம் என்ற ஷரத்து வேறு. இரண்டே வருஷத்தில், 2015 ஜூனில், ஆதாய முரண் சட்டத்தைக் காட்டி மாமன்றம் 5–2 என்று ஒப்பந்தத்தை முறித்தது. 2021 ஆகஸ்டில், வரும் சீசன் முடிந்ததும் காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டது. அந்த டிசம்பரில் சுமார் 13 லட்சம் டாலர் வரிபாக்கியைக் கட்டாவிட்டால் கதவைப் பூட்டுவோம் என்ற மிரட்டலும் வந்து, பணம் கட்டப்பட்டது. கோடிகளில் ஓடிய உறவு லட்சங்களில் முறிந்தது.

‘காசு வந்தால்தானே ஆட்டக்காரர்’ கட்சிக்கு இன்னொரு பக்கம் காட்டவேண்டும். என்ஹெச்எல்லில் சம்பளத்துக்கு உச்சவரம்பும் உண்டு, கீழ்வரம்பும் உண்டு. 2022–23-இல் உச்சம் 8.25 கோடி டாலர், கீழ் எல்லை 6.1 கோடி. கீழ் எல்லைக்குக் குறைவாக எந்த அணியும் கணக்கில் காட்டக்கூடாது. கயோட்டீஸ் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. காயத்தால் இனி ஆடவே முடியாத, அல்லது விலகிப்போன, பெரிய ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்களை மற்ற அணிகளிடமிருந்து வாங்கிக்கொள்வது. கிறிஸ் புரோங்கர், பாவெல் டட்சியூக், மரியான் ஹோசா, ஷே வெபர். இவர்கள் யாரும் கயோட்டீஸ் சட்டை போட்டு ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. டட்சியூக் பெயரில் மட்டும் 75 லட்சம் டாலர் ஏட்டில் நின்றது. உண்மையில் கையைவிட்டுப் போகும் பணம் அதைவிட மிகக் குறைவு. இந்தச் சுமையை ஏற்றதற்குக் கூலியாகப் புதுமுக ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் கிடைத்தது. சாமர்த்தியமான கணக்குத்தான். ஆனால் தளத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க டிக்கெட் வாங்குகிறவருக்கு ஏட்டில் இருக்கும் புரோங்கரால் என்ன பயன்?

கிளெண்டேலைக் காலி செய்து 2022-இல் போன இடம், பீனிக்ஸை ஒட்டிய டெம்பி. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மாணவர் அணிக்காக 13.4 கோடி டாலர் செலவில் எழுந்த முல்லட் அரங்கம். ஹாக்கிக்கு 5,000 பேர். கயோட்டீஸுக்கு 4,600 இடம். உலகத்தின் முதல்தர ஹாக்கி லீகில் ஓர் அணி கல்லூரி அரங்கத்தில் வாடகைக்கு. அக்டோபர் 28, முதல் ஆட்டம். எதிரணி வேறு யாருமில்லை, வின்னிபெக் ஜெட்ஸ்தான். 1996-இல் அணியைப் பறிகொடுத்த ஊர், 2011-இல் அட்லாண்டாவின் அணியைக் கொண்டுவந்து பழைய பெயரையே வைத்துக்கொண்டது. கூடுதல் நேரத்தில் 2–3. மறுபடியும் திறப்புநாள் தோல்வி. அந்த சீசனின் முதல் ஆட்டத்திலேயே பிட்ஸ்பர்க்கில் 2–6 என்று அடி வாங்கியிருந்தார்கள். உடை மாற்றும் அறைகள் கட்டி முடியவில்லை. பக்கத்துப் பயிற்சித் தளத்தில் திரை கட்டித் தற்காலிக அறைகள் போட்டார்கள். நாலே ஆட்டம் ஆடிவிட்டு, கட்டட வேலை முடியும்வரை தொடர்ச்சியாக 14 ஆட்டம் வெளியூரில்.

ஆனால் கூட்டம்? நிறைந்தது. மாணவர்கள் ஒரு முனையில் நின்றுகொண்டே கத்தினார்கள். டிக்கெட் விலை ஏறியது. அந்த சீசனில் வென்ற 28 ஆட்டங்களில் பெரும்பாலானவை இந்தச் சின்ன அரங்கத்தில்தான். காலி நாற்காலிப் பிரச்சினை முதன்முறையாகத் தீர்ந்தது. கணக்கு மட்டும் தீரவில்லை. 4,600 பெருக்கல் 41, 1,88,600. கேலிக்கு ஆளான 2009–10-இன் மொத்தம் 4,91,549. அரங்கம் வழிய வழிய நிரம்பியும், காலியாகக் கிடந்த காலத்து டிக்கெட்டில் ஐந்தில் இரண்டு பங்குகூட இல்லை.

முல்லட் இடைக்கால ஏற்பாடு என்றே எல்லோரும் சொன்னார்கள். நிரந்தர ஏற்பாடு டெம்பியில் 46 ஏக்கர் குப்பைமேடு. அதைச் சுத்தம் செய்து அரங்கம், வீடுகள், கடைகள் என்று 210 கோடி டாலர் திட்டம். விமானப் பாதைக்குக் கீழே குடியிருப்பா என்று பக்கத்து பீனிக்ஸ் மாநகராட்சி வழக்குப் போட்டது. 2023 மே 16-இல் ஊர் வாக்களித்தது. சுமார் 56 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். கிளெண்டேலின் ஏடு அவர்களுக்கு முப்பது கிலோமீட்டர் தூரத்தில் திறந்தே கிடந்தது. படித்துவிட்டுத்தான் வாக்களித்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

வரவுப் பக்கத்தில் எழுதவேண்டிய ஒன்று மிச்சமிருக்கிறது. ஸ்காட்ஸ்டேலில் வளர்ந்து, கயோட்டீஸ் ஆட்டம் பார்த்து ஹாக்கி மீது ஆசை கொண்ட சிறுவன் ஆஸ்டன் மேத்யூஸ். 2016-இல் லீகின் புதுமுகத் தேர்வில் முதல் ஆளாக டொரான்டோ அவரை எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே நான்கு கோல். அந்த ஆட்டத்தில் டொரான்டோ 4–5 என்று தோற்றது வேறு விஷயம். கிளெண்டேல் கொடுத்த கோடிகளில் இவருக்கு எந்த வரியிலும் இடமில்லை, கணக்குப்பிள்ளைகளுக்குத் தெரிந்த வரிகளில்.

2024 ஏப்ரல் 17-இல் முல்லட்டில் எட்மன்டனை 5–2 என்று வென்றார்கள். அதுதான் அரிசோனாவில் கடைசி ஆட்டம். மறுநாள் லீக் முதலாளிகள் விற்பனைக்கு ஒப்புதல் தந்தார்கள். சால்ட் லேக் சிட்டியின் ரயன் ஸ்மித் கொடுத்த விலை 120 கோடி டாலர். 100 கோடி அப்போதைய உரிமையாளர் அலெக்ஸ் மெருவேலோவுக்கு, 20 கோடி மற்ற முதலாளிகளுக்கு. 2009-இல் 14 கோடி, 2013-இல் 17 கோடி, 2024-இல் 120 கோடி. முதல் இரண்டு விலையும் 17,125 இருக்கை அரங்கம் இருந்தபோது. மூன்றாவது, 4,600 இருக்கையில் ஆடியபோது. வருகைக்கும் விலைக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று இன்னும் வாதாடுகிறவர் இந்த வரியை விளக்கட்டும். ஐந்து வருஷத்துக்குள் அரங்கம் கட்டினால் அணியைத் திரும்பத் தொடங்கலாம் என்று மெருவேலோவுக்கு உரிமை கொடுத்திருந்தார்கள். அவர் கண்வைத்திருந்த அரசு நிலத்தின் ஏலம் அந்த ஜூனிலேயே ரத்தாக, அவரும் உரிமையைக் கைவிட்டார்.

சால்ட் லேக் சிட்டி இருக்கும் யூட்டாவில் 2024 அக்டோபர் 8-இல் முதல் ஆட்டம். சிகாகோவுக்கு எதிராக 5–2. திறப்புநாள் ராசி மாறியது. ஆடியது டெல்டா சென்டரில். அதுவும் கூடைப்பந்துக்காகக் கட்டியது, அங்கேயும் அப்போது சில இருக்கைகளிலிருந்து ஒரு கோல் தெரியவில்லை. இரண்டு கோலும் தெரிந்த இருக்கைகள் 11,131. அறிவிக்கப்பட்ட வருகையும் 11,131. லீகிலேயே கடைசி என்று பீனிக்ஸைக் கேலி செய்ய வைத்த 11,989-ஐவிட இது 858 குறைவு. ஒரே ஒரு வித்தியாசம், அரங்கமும் அணியும் இங்கே ஒரே ஆளின் கையில் இருக்கின்றன.